நாற்காலியை எங்கே விற்பது? செகண்ட் லைஃப் சந்தைகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2009 ஜனவரி 20 அன்று சான்பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அந்த நிறுவனம் நடத்தும் செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தில் துணி, வீடு, முடி, மேசை நாற்காலி என்று விற்றுக்கொண்டிருந்தவர்கள் அதுவரை நம்பியிருந்தது இரண்டு பெரிய இணையச் சந்தைகளை: எக்ஸ்ஸ்ட்ரீட் எஸ்எல், ஆன்ரெஸ். இரண்டையுமே வாங்கிவிட்டோம் என்றது அறிவிப்பு. என்ன விலைக்கு என்று சொல்லவில்லை. உலகமும் அவர்களுடையது, நாணயமும் அவர்களுடையது. அன்றிலிருந்து சந்தையும் அவர்களுடையது.

மெய்நிகர் பொருள் விற்கும் சந்தைகளை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் கமிஷன் எத்தனை சதவீதம் என்பதில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். கமிஷன் முக்கியம்தான். ஆனால் செகண்ட் லைஃப் விற்பனையாளர்கள் பட்ட பாட்டை வரிசையாகப் பார்த்தால், அவர்களை உண்மையில் ஆட்டிப்படைத்தது கமிஷன் இல்லை. வாங்கியவர் கைக்குச் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார், சரக்கைச் சந்தையிலிருந்து தூக்கிவிடும் அதிகாரம் யாருக்கு, அந்த உலகம் மூடப்பட்டால் பொருள் என்ன ஆகும் என்பவைதான். இந்தக் கேள்விகளோடு ஒரு நாற்காலியை ஒவ்வொரு சந்தையாக எடுத்துப்போய்ப் பார்க்கலாம். விலை, அந்த உலகத்தின் நாணயமான லிண்டன் டாலரில், 300 என்று வைத்துக்கொள்வோம்.

விற்கப்படுவது என்ன

செகண்ட் லைஃப் 2003 ஜூனில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் லிண்டன் லேப் எடுத்த ஒரு முடிவுதான் பின்னால் வந்த எல்லா வியாபாரத்துக்கும் வேர்: உள்ளே நீங்கள் உருவாக்குவதன் அறிவுசார் சொத்துரிமை உங்களுக்கே. அன்றைய இணைய விளையாட்டுகளில் இது நினைத்துப் பார்க்க முடியாத சலுகை. மற்ற இடங்களில் வாளும் கவசமும் நிறுவனத்தின் சொத்து. வெளியே விற்றால் கணக்கை முடக்குவார்கள்.

உரிமை கிடைத்தது சரி, விற்பது எப்படி? நாற்காலி என்பது சர்வரில் இருக்கும் தரவு. தரவை எத்தனை முறை வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். அதனால் ஒவ்வொரு பொருளிலும் மூன்று அனுமதிகளை உருவாக்கியவர் குறித்து வைக்கிறார்: வாங்கியவர் நகலெடுக்கலாமா, மாற்றியமைக்கலாமா, வேறொருவருக்குக் கைமாற்றலாமா. நகலெடுக்கவும் கைமாற்றவும் இரண்டுக்கும் இடம் கொடுத்துவிட்டால் முதல் வாடிக்கையாளரே மறுநாள் போட்டிக் கடை திறந்துவிடுவார். எனவே ஏதாவது ஒன்றைத்தான் கொடுப்பார்கள். நாற்காலி விற்பவர் பெரும்பாலும் நகலெடுக்க அனுமதித்துக் கைமாற்றுவதைத் தடுப்பார். ஒரு நாற்காலி வாங்கினால் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு போட்டுக்கொள்ளலாம், நண்பருக்குத் தர முடியாது.

இந்த அனுமதிகளை அமல்படுத்துவது லிண்டன் லேபின் சர்வர். அதற்கு வெளியே அந்த நாற்காலிக்கு எந்த மதிப்பும் இல்லை. கைவினைப் பொருளை விற்கும் தளத்தில் சரக்கு உங்கள் வீட்டில் இருக்கும். தளம் பிடிக்கவில்லையென்றால் வேறு தளத்துக்குப் போகலாம். இங்கே சரக்கும் கிடங்கும் அந்த உலகத்தின் உள்ளேயே இருக்கின்றன. வெளியே எந்தச் சந்தை திறந்தாலும், டெலிவரிக்கு அந்த உலகத்தின் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும்.

உள்ளேயே ஒரு கடை

முதல் வழி, உலகத்துக்குள்ளேயே நிலம் வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ கடை போடுவது. வாடிக்கையாளரின் அவதார், அதாவது உலகத்துக்குள் அவருக்காக நடமாடும் உருவம், நடந்து வருகிறது, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறது, சுற்றி வந்து உயரம் சரியா என்று பார்க்கிறது, பிறகு காசு கொடுக்கிறது. 300 லிண்டன் டாலரும் அப்படியே உருவாக்கியவருக்குப் போகும், கமிஷன் கிடையாது. உட்கார்ந்து பார்த்து வாங்க முடிவது மரச்சாமான் விற்பவருக்குப் பெரிய விஷயம். இணையதளத்தில் எத்தனை படம் போட்டாலும் அது வராது.

செலவு நிலத்தில் இருக்கிறது. 2006 நவம்பரில் லிண்டன் லேப் தனித் தீவுகளின் மாதக் கட்டணத்தை 195 அமெரிக்க டாலரிலிருந்து 295 அமெரிக்க டாலராக உயர்த்தியது. பெரிய கடைகள் பல ஆண்டுகள் அந்தக் கட்டணத்தைச் சுமந்தன. சின்னக் கடைக்காரருக்கு அது கட்டுப்படியாகாது. அவர் யாரோ ஒருவரின் அங்காடித் தெருவில் ஒரு மூலையை வார வாடகைக்கு எடுப்பார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வார வாடகை 500 லிண்டன் டாலர் என்று வைத்துக்கொள்வோம். இணையச் சந்தையில் கமிஷன் 5 சதவீதமாக இருந்தால் ஒரு நாற்காலிக்கு 15 போகும். அப்படியானால் வாரத்துக்கு 34 நாற்காலியாவது கடையில் விற்றால்தான் வாடகை கொடுத்ததற்குப் பலன். கமிஷன் 10 சதவீதமாகிவிட்டால் நாற்காலிக்கு 30 போகும், 17 நாற்காலி விற்றாலே கடை ஈடுகட்டிவிடும். சந்தைக் கமிஷன் இரட்டிப்பானால், உள்ளே கடை வைத்திருப்பதற்கான நியாயமும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. செகண்ட் லைஃப் சந்தையின் கமிஷன் பல ஆண்டுகள் 5 சதவீதமாக இருந்து பின்னர் 10 ஆனபோது, பலரும் அதை விலையேற்றமாக மட்டுமே பார்த்தார்கள். உலகத்துக்குள்ளே கடை வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு மறைமுக மானியம் என்பது என் கணிப்பு.

வாடகை ஒரு பக்கம் இருக்க, வாடிக்கையாளர் கடையைக் கண்டுபிடிக்க வேண்டும். உலகத்துக்குள்ளான தேடலில் உங்கள் இடம் தெரிய வாரம் 30 லிண்டன் டாலர் கட்டணம். கூட்டம் அதிகம் இருக்கும் இடம் தேடலில் மேலே வரும் என்பதால், செயற்கையாகக் கூட்டம் காட்டும் வேலை தொடங்கியது. சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சில காசு கொடுக்கும் நாற்காலிகளைப் போட்டார்கள். பிறகு மனிதரே இல்லாத பாட் அவதார்களைக் கடைக்கு மேலே வானத்தில் ஒரு பெட்டிக்குள் அடுக்கி வைத்தார்கள். 2009-ல் லிண்டன் லேப் பாட்களைக் கொண்டு கூட்டம் காட்டுவதைத் தடைசெய்தது. நேர்மையாகக் கடை வைத்திருந்த சிறு விற்பனையாளர்கள் அதற்கு முன்பே களைத்துப்போய் இணையச் சந்தைகளுக்கு வந்துவிட்டார்கள்.

வெளியே இரண்டு சந்தைகள்

எஸ்எல் எக்ஸ்சேஞ்ச் என்ற தளத்தை லிண்டன் லேப் ஆரம்பிக்கவில்லை. செகண்ட் லைஃபில் வாழ்ந்துகொண்டிருந்த ஒருவர், தேடலும் கடைகளும் போதவில்லை என்று பார்த்துத் தொடங்கியது அது. 2008-ல்தான் எக்ஸ்ஸ்ட்ரீட் எஸ்எல் என்று பெயர் மாறியது. சரக்கு மட்டுமல்ல, லிண்டன் டாலரையே வாங்கி விற்கும் பரிமாற்றமும் அங்கே நடந்தது. அதாவது விற்பனையாளர் தன் வருமானத்தை அமெரிக்க டாலராக்க லிண்டன் லேபின் சொந்தப் பரிமாற்றச் சந்தையான லிண்டெக்ஸை மட்டுமே நம்ப வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று எஸ்எல் பூட்டிக். மெய்நிகர் உலகங்களில் பெரிய நிறுவனங்களுக்காகக் கட்டுமானம் செய்துகொடுத்த எலெக்ட்ரிக் ஷீப் கம்பெனி அதை வாங்கி, 2007-ல் ஆன்ரெஸ் என்று மாற்றியது. ஆன்ரெஸ்காரர்களுக்கு ஒரு நல்ல யோசனை இருந்தது: சந்தையை இணையதளமாக மட்டும் வைக்காமல், உலகத்துக்குள் நுழையும் மென்பொருளான வியூவரிலேயே சேர்த்துவிடுவது. 2007 அக்டோபரில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரோடு சேர்ந்து புதியவர்களைச் செகண்ட் லைஃபுக்குக் கொண்டுவர அவர்கள் தனியாக ஒரு வியூவரையே வெளியிட்டார்கள். புதிதாக வருபவர் எங்கே துணி வாங்குவது என்று திண்டாடக் கூடாது என்ற அக்கறை அதில் தெரிந்தது. லிண்டன் லேபின் சொந்த வியூவரில் அப்போது அந்த அக்கறை இல்லை.

இவற்றுக்கு நடுவே ஈபேயும் இருந்தது. 2007 ஜனவரியில் ஈபே, இணைய விளையாட்டுகளின் கணக்கு, நாணயம், பொருள் எதையும் பட்டியலிட முடியாது என்று அறிவித்தது. செகண்ட் லைஃபுக்கு மட்டும் அந்தத் தடை பொருந்தாது என்றும் சொன்னது, அதை விளையாட்டு என்று சொல்ல முடியாது என்ற காரணத்தோடு. விற்பனையாளர்களுக்குப் பெருமையான செய்தி. ஆனால் நடைமுறையில் ஈபேயில் ஒற்றை நாற்காலி விற்பது சரிவராது. ஓர் அமெரிக்க டாலர் சொச்சம் பெறும் பொருளுக்கு ஏலம், பணப் பரிமாற்றக் கட்டணம், கைப்பட டெலிவரி எல்லாம் எங்கே கட்டுபடியாகும்? நிலத்துக்கும் மொத்த வியாபாரத்துக்கும் அது பொருந்தலாம்.

அப்போது வெளிச் சந்தைகள் டெலிவரி செய்த முறையை விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் பிற்பாடு நடந்த குழப்பமெல்லாம் இதில்தான் தொடங்குகிறது. விற்பனையாளர் உலகத்துக்குள் தன் நிலத்தில் ஒரு பெட்டியை வைப்பார். மேஜிக் பாக்ஸ் என்றார்கள். அதற்குள் ஒரு ஸ்க்ரிப்ட், அதாவது சிறு நிரல். நாற்காலியை அந்தப் பெட்டிக்குள் போட்டு வைத்தால், இணையதளத்தில் யாராவது வாங்கும்போது தளம் பெட்டிக்குத் தகவல் அனுப்பும், பெட்டி நாற்காலியை வாங்கியவரின் இருப்புப் பட்டியலுக்கு அனுப்பும். ஏழை விற்பனையாளருக்கும் பெட்டி வைக்கச் சின்ன இடமாவது வேண்டும். அந்த நிலம் இருக்கும் சர்வர் விழுந்தால், நில உரிமையாளர் பெட்டியைத் தூக்கி எறிந்தால், டெலிவரி நின்றுவிடும். வாடிக்கையாளர் காசு போய்விட்டது என்று விற்பனையாளரைத்தான் திட்டுவார். ஆனாலும் இந்தப் பெட்டி முறையில் ஒரு நன்மை இருந்தது: ஒரே நிலத்தில் இரண்டு சந்தைகளின் பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒரு சந்தை கட்டணத்தை ஏற்றினால் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு மற்றதில் தொடரலாம். விற்பனையாளரின் பேரம் பேசும் வலிமை அந்த இரண்டாவது பெட்டியில்தான் இருந்தது.

இரண்டு ஒன்றானபோது

2009 ஜனவரி கொள்முதலுக்குப் பிறகு ஆன்ரெஸ் மூடப்பட்டது. எக்ஸ்ஸ்ட்ரீட் லிண்டன் லேபின் சந்தையானது. அந்த ஆண்டு செகண்ட் லைஃபில் பயனர்களுக்குள் நடந்த பரிவர்த்தனை 567 மில்லியன் அமெரிக்க டாலர் என்று நிறுவனமே சொன்னது. அவ்வளவு பெரிய பொருளாதாரத்தில், பட்டியல் போட்டு விற்கும் பெரிய இணையக் கடைத்தெரு ஒன்றே ஒன்றாகிவிட்டது.

ஓர் ஆண்டு முடிவதற்குள் சோதனை வந்தது. 2009 நவம்பரில், இலவசப் பொருள்கள் தேடலை அடைத்துக்கொள்கின்றன என்று சொல்லி, பட்டியலுக்கு மாதக் கட்டணம் கொண்டுவரும் திட்டத்தை லிண்டன் லேப் முன்வைத்தது. இலவசப் பொருள் ஒன்றுக்கு மாதம் 99 லிண்டன் டாலர், விலையுள்ள பொருளுக்கு 10. பத்து லிண்டன் டாலர் என்பது நான்கு அமெரிக்க சென்ட். கேட்கச் சின்னத் தொகை. ஆனால் பல ஆண்டுகளாக உழைத்து நூற்றுக்கணக்கான பொருள்களை வைத்திருந்தவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். அதில் பாதி, மாதம் ஒன்றுகூட விற்காத பழைய சரக்கு. விற்றாலும் விற்காவிட்டாலும் எல்லாவற்றுக்கும் மாதாமாதம் கட்ட வேண்டும். புதியவர்கள் நம்பியிருந்த இலவச உடைகளும் முடியும் மறைந்துவிடும். எதிர்ப்பு கடுமையாக இருந்தது, அது முற்றிலும் நியாயமான எதிர்ப்பு. இலவசங்கள் தேடலைக் கெடுக்கின்றன என்றால் தேடலைச் சரிசெய்வதுதான் வழி. உருவாக்கியவரின் அன்பளிப்புக்கு அபராதம் போடுவது வழியில்லை.

2010-ன் பிற்பகுதியில் எக்ஸ்ஸ்ட்ரீட்டும் போய், செகண்ட் லைஃப் மார்க்கெட்பிளேஸ் என்ற புதிய தளம் வந்தது. அதில் சாதாரணப் பட்டியலுக்கு மாதக் கட்டணம் இல்லை. விற்றால் மட்டும் கமிஷன், அதுவும் 5 சதவீதம். தேடலில் முன்னே வர விரும்பினால் விளம்பரக் கட்டணம். விற்பனையாளர் தரப்பிலிருந்து பார்த்தால் இது நல்ல ஏற்பாடு என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். விற்காத சரக்குக்குச் செலவில்லை என்பது புதிதாகத் தொடங்குபவருக்கு மிகப்பெரிய கதவு. 2013-ல் செகண்ட் லைஃப் பத்தாண்டு நிறைவுசெய்தபோது மார்க்கெட்பிளேஸில் 21 லட்சம் பொருள்கள் விற்பனைக்கு இருந்தன.

அடுத்து டெலிவரி. உலகமும் சந்தையும் ஒரே கையில் இருக்கும்போது மேஜிக் பாக்ஸ் எதற்கு? 2012 மார்ச்சில் டைரக்ட் டெலிவரி வந்தது. சரக்கை நேரடியாக நிறுவனத்தின் சர்வரிலேயே ஏற்றிவிடலாம், நிலமே வேண்டாம். வெளிச் சந்தை எதுவும் தரமுடியாத வசதி இது. ஆனால் மாற்றம் நடந்த மாதங்களில் சில பட்டியல்களில் வேறு விற்பனையாளரின் படமும் விவரமும் வந்து உட்கார்ந்தன. நாற்காலிக் கடையில் யாருடைய செருப்போ தெரியும்! விற்பனை விழும், நம்பிக்கையும் விழும், போய் நிற்க வேறு சந்தையும் இல்லை.

டைரக்ட் டெலிவரியால் எண்ணிக்கை வரையறையுள்ள சரக்கைக் கையாள முடியவில்லை. நகலெடுக்க முடியாத, கைமாற்ற மட்டுமே முடிகிற பொருள்கள் இவை: வளர்ப்புக் குதிரைகள், முயல்கள், அபூர்வச் சேகரிப்புகள். அவற்றுக்கு 2015-ல் வந்த புதிய முறை வரை மேஜிக் பாக்ஸே தொடர வேண்டியிருந்தது. அந்தப் புதிய முறையில் வியூவருக்குள்ளேயே ஒரு கோப்புறையில் சரக்கை வைத்துப் பட்டியலிடலாம். முதல் கொள்முதலிலிருந்து கணக்கிட்டால், உலகத்தின் உரிமையாளரே சந்தையை நடத்தியும் டெலிவரியை முழுதாகச் சரிசெய்ய ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. போட்டிச் சந்தை ஒன்று உயிரோடு இருந்திருந்தால் இது இவ்வளவு இழுத்திருக்காது என்றே நம்புகிறேன்.

பணத்தைப் பார்ப்போம். இன்றைய 10 சதவீதக் கமிஷனில் நாற்காலிக்குக் கையில் நிற்பது 270 லிண்டன் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு 250 என்று கணக்கிட்டால் 1.08 டாலர். லிண்டெக்ஸில் விற்கும்போது 3.5 சதவீதம் போனால் ஏறத்தாழ 1.04. அதை உலகத்திலிருந்து வெளியே எடுத்து வங்கிக்கோ பேபாலுக்கோ அனுப்ப இன்னொரு கட்டணம். 2019 ஆகஸ்ட் முதல் டாலர் கணக்கைக் கையாண்டது டிலியா என்ற துணை நிறுவனம். ஒரு கையில் சந்தை, மறு கையில் நாணயமாற்று, மூன்றாவது கட்டத்தில் பணமெடுப்பு. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னது, ஆனால் வருமானத்தை எல்லாக் கட்டங்களையும் கடந்த பிறகுதான் எண்ண வேண்டும். சம்பாதித்த லிண்டன் டாலரை உள்ளேயே வாடகைக்கும் மூலப்பொருளுக்கும் செலவிடுபவருக்கு இந்தக் கவலை பாதிதான். சின்ன விற்பனையாளர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

திருட்டும் நோட்டீஸும்

2006 நவம்பரில் காப்பிபாட் என்ற கருவி பரவியது. கண்ணெதிரே நிற்கும் எந்த அவதாரின் உடையையும் பொருளையும் அனுமதிகளைத் தாண்டி நகலெடுக்கும். கடைக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்துக் கடைகளை மூடினார்கள். லிண்டன் லேப் அதைப் பயன்படுத்துவதை விதிமீறல் என்று அறிவித்தது. அமெரிக்காவின் 1998 டிஜிட்டல் காப்புரிமைச் சட்டத்தின்படி நோட்டீஸ் கொடுத்தால் திருட்டுச் சரக்கை நீக்குவோம் என்பதுதான் அவர்கள் தந்த வழி.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே சந்தை என்பது விற்பனையாளருக்கு நன்மை. முன்பு உலகத்துக்குள் ஒரு நோட்டீஸ், எக்ஸ்ஸ்ட்ரீட்டுக்கு ஒன்று, ஆன்ரெஸுக்கு ஒன்று என்று அலைய வேண்டும். இப்போது ஒரே கதவு. ஆனால் அதே கதவு உங்கள் மீதும் சாத்தப்படலாம்.

2010 டிசம்பரில் நடந்தது இதுதான். ஓஸிமல்ஸ் என்ற நிறுவனம் வளர்ப்பு முயல்களை விற்றது. அவற்றுக்குத் தீனி வாங்கிப் போட வேண்டும், குட்டி போடும், குட்டிகளை விற்கலாம். அமரெட்டோ என்ற நிறுவனம் அதேபோல் குதிரைகளை விற்றது. குதிரைகள் எங்கள் முயல்களின் நகல் என்று ஓஸிமல்ஸ் லிண்டன் லேபுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அமரெட்டோ கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு ஓடியது. அவர்களுடைய வாதம் இதுதான்: குதிரைகளையும் தீனியையும் நீக்கிவிட்டால், ஏற்கெனவே விற்ற குதிரைகள் தீனியில்லாமல் செத்துப்போகும், வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார்கள், பின்னால் வழக்கில் ஜெயித்தும் பயனில்லை. நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. குதிரைகள் தப்பின.

நாற்காலி விற்பவரிடம் வழக்கறிஞர் கிடையாது. அவர் மேல் ஒரு பொய் நோட்டீஸ் வந்தால் எதிர் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். உலகத்துக்குள் கடை, மார்க்கெட்பிளேஸ் இரண்டும் ஒரே நிறுவனத்தின் பிடியில் இருப்பதால், இரண்டிலிருந்தும் ஒரே நாளில் காணாமல் போகலாம். இதைக் கமிஷன் அட்டவணை எதுவும் காட்டாது. 2017-ல் ஓஸிமல்ஸே கடையை மூடியது, அதன் சர்வர் நின்றதும் தீனியைச் சார்ந்திருந்த முயல்கள் செயலிழந்தன. இதில் சந்தையின் தவறு எதுவுமில்லை. ஆனாலும் சொல்கிறேன்: வெளி சர்வரை நம்பியிருக்கும் பொருளை வாங்கியவருக்கு எந்தச் சந்தையும் ஈடு தராது. நாற்காலி அந்த வகையில் பாக்கியசாலி. அதற்குத் தீனி வேண்டாம்.

சந்தை சரிப்பட்டு வந்த ஓர் இடத்தையும் குறிப்பிட வேண்டும். காசு போட்டால் எது வரும் என்று தெரியாத காச்சா எந்திரங்கள் செகண்ட் லைஃபில் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தன. வரும் பொருளை நகலெடுக்க முடியாது, கைமாற்றலாம். எனவே வேண்டாததை விற்கவும் விட்டுப்போனதை வாங்கவும் மார்க்கெட்பிளேஸ் ஒரு பெரிய இரண்டாம் கைச் சந்தையாயிற்று. 2021-ல் லிண்டன் லேப் காச்சா விற்பனையை நிறுத்தச் சொன்னது, ஆகஸ்ட் இறுதிவரை அவகாசம். ஏற்கெனவே வாங்கியவற்றை மறுவிற்பனை செய்யத் தடையில்லை. உருவாக்கியவர்கள் தங்கள் விற்பனை முறையை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது, சேகரித்தவர்களின் பெட்டி மட்டும் வெறும் குப்பையாகிவிடவில்லை. அது நியாயமான தீர்வு.

சுவருக்கு வெளியே

செகண்ட் லைஃபின் கட்டமைப்பைப் பார்த்துத் திறந்த மூல மென்பொருளாக எழுதப்பட்டது ஓப்பன்சிம். அதைக் கொண்டு யார் வேண்டுமானாலும் தனி உலகம் நடத்தலாம், ஹைப்பர்கிரிட் என்ற இணைப்பு வழியாக ஓர் உலகத்திலிருந்து இன்னொன்றுக்கு அவதாரோடு போய்வரலாம். இங்கே சந்தை என்றால் அதற்குப் பெரிய சிக்கல் இருக்கிறது: அனுமதியை அமல்படுத்துபவர் ஒருவரில்லை. ஒவ்வோர் உலகத்தின் நிர்வாகியும் தன் தரவுத்தளத்தில் எதையும் மாற்றலாம்.

இஸ்ரேலைச் சேர்ந்த கைட்லி நிறுவனம் 2013-ல் தொடங்கிய கைட்லி மார்க்கெட் இதை நேர்மையாக எதிர்கொண்டது. விற்பனையாளர் ஒவ்வொரு பொருளுக்கும் ஏற்றுமதி அனுமதி உண்டா இல்லையா என்று குறிக்கலாம். இல்லை என்றால் கைட்லி உலகத்துக்குள் மட்டும் டெலிவரி, உண்டு என்றால் மற்ற ஓப்பன்சிம் உலகங்களுக்கும் போகும். டாலரிலும் விலை வைக்கலாம். ஆபத்தை மறைக்காமல், முடிவை உருவாக்கியவரின் கையில் கொடுத்த இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். வாடிக்கையாளர் ஐந்து உலகங்களில் சிதறிக் கிடந்தாலும் ஒரே கடை போதும்.

இதன் அருமை 2018 ஜூலையில் தெரிந்தது. ஓப்பன்சிமிலிருந்து கிளைத்த பெரிய உலகங்களில் ஒன்றான இன்வேர்ல்ட்ஸ் மூடப்பட்டது. பல ஆண்டுகள் அங்கே கடை கட்டி, சொந்த நாணயத்தில் விற்றும் வாங்கியும் வந்தவர்களுக்கு மிஞ்சியது தாங்களே உருவாக்கிப் பத்திரப்படுத்திய கோப்புகள் மட்டும். பிறரிடம் வாங்கியது போயே போய்விட்டது. ஏற்றுமதி அனுமதியோடு விற்ற நாற்காலியாக இருந்தால் வாங்கியவர் வேறு உலகத்தில் அதைப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

கைட்லியின் குறை வாங்குபவர்கள் குறைவு என்பது. செகண்ட் லைஃபின் கூட்டத்தோடு ஒப்பிடவே முடியாது. அங்கே விற்பனையாவது மாதச் செலவுக்குக் கைகொடுக்கும் என்று நம்பித் தொடங்கக் கூடாது.

ஐஎம்வியூ என்ற இன்னொரு மெய்நிகர் தளம் வேறு மாதிரி. அங்கே நடமாடும் உலகத்தைவிட அரட்டை அறைகளும் பொருள் பட்டியலும்தான் முக்கியம். ஒருவர் செய்த அடிப்படை உருவத்தின் மேல் இன்னொருவர் புதுத் துணி போர்த்தி விற்கலாம், ஒவ்வொரு விற்பனையிலும் மூல ஆளுக்கும் பங்கு போகும். நாற்காலியின் வடிவத்தை ஒருவர் செய்ய, நூறு பேர் வெவ்வேறு மெத்தைத் துணி போட்டு விற்கலாம். திருட்டைத் தடுக்கப் பூட்டுப் போடுவதற்குப் பதில் நகலுக்கே கூலி வைத்த முறை இது. செகண்ட் லைஃபிலும் வார்ப்புரு, அதாவது பிறர் மாற்றி விற்கக்கூடிய அடிப்படை வடிவம், விற்பனை உண்டு, ஆனால் அது ஒருமுறை விற்றால் முடிந்தது. வடிவம் செய்வதில் கெட்டிக்காரராக, கடை நடத்துவதில் ஆர்வமில்லாதவராக இருந்தால் ஐஎம்வியூவின் வழி அவருக்கு நல்லது.

சரி, நம் நாற்காலியை எங்கே வைப்பது? இப்போதைக்கு என் தீர்ப்பு இது. முதல் சில மாதங்கள் மார்க்கெட்பிளேஸில் மட்டும்: பட்டியலிடச் செலவில்லை, நிலம் வேண்டாம், எது விற்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். வார விற்பனைத் தொகையில் பத்து சதவீதம் எவ்வளவு என்று பார்த்து, அது ஒரு மூலைக் கடையின் வாடகையைத் தாண்டும்போது உள்ளே கடை போட வேண்டும். பட்டியலில் கடைக்கு வழி கொடுத்து, வந்து உட்கார்ந்து பார்க்கச் சொல்ல வேண்டும். வாங்கியவர்களுக்காக உலகத்துக்குள் ஒரு குழு தொடங்கி, புதுச் சரக்கு வரும்போது அங்கே சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் பட்டியல் சந்தையிடம் மட்டும் இருப்பதைத் தவிர்க்க இதுவே எளிய வழி. மூல வடிவக் கோப்புகளைத் தன் கணினியில், தேதியோடு வைத்திருக்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் அதுதான் சாட்சி, உலகம் மூடினால் அதுதான் மூலதனம். முழுக்கத் தன் கையால் செய்த பொருளாக இருந்தால், அதையே கைட்லியில் ஏற்றுமதி அனுமதியோடு இன்னொரு முறை பட்டியலிட ஒரு மாலை நேரம் போதும்.